செவ்வாயும் வெள்ளியும் சவரம்

ஜூன் 4, புதன்

தூக்க மாத்திரைக்கான துண்டுத்தாள் இன்று முடிந்தது. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத தாள், அதைப் படிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். முப்பத்தொரு வருடமாக அச்சகத்தில் இதே மேசை. பக்க விளைவுகளில் கடைசியாக ஒன்று: "அரிதாக, மரத்துப்போதல்." பிழை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மாலையில் சபையின் சந்திப்புக் குழுக் கூட்டம். நோயாளிகளை யார் யார் போய்ப் பார்ப்பது என்று பங்கு பிரிக்கிற கூட்டம். நான் அதில் உறுப்பினன் இல்லை. என் மனைவிதான் இருந்தாள். அவள் இறந்து எட்டு மாதமாகிறது, பட்டியலிலிருந்து பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, ஆகவே அழைப்பு வருகிறது, ஆகவே நான் போகிறேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று வீட்டுக்கு வந்து கேட்பார்கள். வந்து கேட்பதுதான் அந்தக் குழுவின் வேலையே.

என் தலைக்கு நேர் மேலே மின்விசிறி. மடியில் வைத்திருந்த தாள்கள் பறந்தபடி இருந்தன. வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினேன். "ஸ்தோத்திரம்!" என்றார் செயலாளர். பத்துப் பேரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்பான சிரிப்பு. செயலாளர் எதையோ எழுதிக்கொண்டார். எல்லோரும் எழுந்து நின்று ஜெபித்தோம். விசிறி அதே வேகத்தில் ஓடியது.

எதற்குக் கை தூக்கியிருக்கிறேன் என்று நாளை விசாரிக்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

மதிய இடைவேளையில் செயலாளருக்குத் தொலைபேசினேன்.

"வாரத்துல ரெண்டு நாள் பிரதர். செவ்வாய், வெள்ளி. காலைல ஏழு மணிக்குப் போய் மாஸ்டருக்கு ஷேவ் பண்ணிவிடணும்."

"நான் ஃபேனைக் குறைக்கச் சொல்லத்தான் கையைத் தூக்கினேன்."

மறுமுனையில் குறிப்பேடு புரளும் சத்தம்.

"மூணு தடவை கேட்டேன் பிரதர். யாரு போறீங்க, யாரு போறீங்கன்னு. மூணாவது தடவை கேக்குறப்ப உங்க கை மேல இருந்துச்சு."

"ஃபேனுக்கு."

"தீர்மானம் எழுதியாச்சு. அதுக்கு ஜெபமும் பண்ணி முடிச்சாச்சு. இப்ப நான் அடிச்சுட்டா அந்த ஜெபத்தைக் கொண்டுபோய் எங்க வைக்கிறது?"

அவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதிவானது பதிவானதுதான். பிழையைத் திருத்துகிறவன் ஒருவன், பிழையைப் பதிந்தவர் ஒருவர். யார் கை ஓங்கும் என்று எனக்குத் தெரியும்.

மாஸ்டர் என்று நாங்கள் சொல்வது பாடகர் குழுவை முப்பத்தெட்டு வருடம் நடத்தியவரை. மார்ச் மாதம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு தப்பித்துவிட்டது. அதற்கு நேர்மாறாக நடந்திருக்கலாம் என்று சபையில் சிலர் நினைத்திருக்கக்கூடும். பாடகர் குழுவில் பலர்.

வேறு யாராக இருந்தாலும் மறுபேச்சுப் பேசாமல் போயிருப்பேன். அந்த ஆளுக்கா—

சரி.

ஜூன் 6, வெள்ளி

மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தது மாஸ்டரின் மனைவி. எழுபது வயது இருக்கும். எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதில் மாஸ்டரை உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டித் தயாராக வைத்திருந்தார். மேசைமேல் எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர், பிரஷ், சோப்பு, ரேசர், புது பிளேடு ஒன்று. அறுவை சிகிச்சைக்கு வைத்த மாதிரி வரிசையாக.

"உங்களுக்கு ஷேவ் பண்ணத் தெரியுமா தம்பி?" என்றார் மாஸ்டர்.

"நாப்பது வருஷமா பண்றேன் மாஸ்டர்."

"உங்க மூஞ்சிக்கு. இது வேற மூஞ்சி."

அக்கா முயன்று பார்த்திருக்கிறார், கை நடுங்குகிறது. சலூனிலிருந்து இரண்டு பேர் வந்து போயிருக்கிறார்கள். ஏன் நின்றுவிட்டார்கள் என்று கேட்டேன்.

"முதல்ல வந்தவன் சினிமாப் பாட்டை முணுமுணுத்தான்," என்றார் மாஸ்டர்.

"அது தப்பா?"

"தப்பா முணுமுணுத்தான்."

"ரெண்டாவது ஆள்?"

"அவனுக்கு மூணு நாள்ல இவரு கிருதாவைப் பத்திப் பாடம் எடுத்தாரு," என்று அக்கா சமையலறையிலிருந்து சொன்னார். "அவன் கும்பிடு போட்டுட்டுப் போயிட்டான்."

இடது கன்னம், வலது கன்னம், மேலுதடு, தாடை, கடைசியில் கழுத்து. நுரை போதவில்லை என்றார். பிறகு அதிகம் என்றார். வலது கன்னத்தில் தோல் தொய்ந்து கிடக்கிறது, இழுத்துப் பிடித்தால்தான் பிளேடு ஓடும். பிடித்தேன். குளிர்ந்திருந்தது. அவர் முகத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

பிளேடு கழுத்தில் இருக்கும்போது மட்டும் மாஸ்டர் பேசுவதில்லை. கழுத்தைக் கொஞ்சம் நிதானமாகவே செய்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் படிவம் ஒன்றை நிரப்பிச் செயலாளரிடம் தர வேண்டுமாம். நாலு கேள்வி. சந்தித்தீர்களா? நோயாளி எப்படி இருக்கிறார்? குடும்பத்தின் தேவை என்ன? ஜெபித்தீர்களா — ஆம், இல்லை.

எப்படி இருக்கிறார் என்பதற்கு "முன்பு போலவே" என்று எழுதினேன். அதைவிடத் துல்லியமாக எழுத முடியாது.

நாலாவது கேள்விக்கு "இல்லை" என்பதைச் சுழித்தேன். அக்டோபரிலிருந்து ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் கண் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். கோபமும் இல்லை, கோபம் இருந்தாலாவது பேச்சு இருக்கும். விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. வீட்டில்தான் இருக்கிறது. எந்த அறையில் என்று தெரியவில்லை.

செய்யாததைச் செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட என் தொழில் விடாது.

ஜூன் 13, வெள்ளி

சவரம். மேலுதட்டில் இரண்டு முடியை விட்டுவிட்டேனாம். கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்துச் சொன்னார். இரண்டுதான், எண்ணினேன்.

ஜூன் 17, செவ்வாய்

எழுதிவிடுவது நல்லது. எழுதாமலே இரண்டு வாரம் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாயிற்று.

என் மனைவி இருபத்திரண்டு வருடம் பாடகர் குழுவில் இருந்தாள். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஒத்திகை. மழையோ காய்ச்சலோ, நாலு மணி. போன வருடம் பிப்ரவரியில் நுரையீரல் நோய் என்று தெரிந்தது. மருந்துப் பெட்டிகளில் வந்த துண்டுத்தாள்களை அவள் என்னிடம் நீட்டுவாள், "உங்க ஆபீஸ் கடுதாசி வந்திருக்கு" என்பாள். மே மாதம் குரல் உடையத் தொடங்கியது. ஜூனில் சபையின் ஆண்டு விழாக் கீத ஆராதனை. அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒத்திகையில், இருபது பேர் முன்னால் மாஸ்டர் பாட்டை நிறுத்தினார்.

"நீங்க வாயை மட்டும் அசைங்கம்மா. சத்தம் வேண்டாம்."

அவள் அந்த ஒத்திகை முடியும்வரை வாயை மட்டும் அசைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு போகவில்லை. சனிக்கிழமை நாலு மணிக்குத் துணி மடிப்பாள்.

அவ்வளவுதான் நடந்தது. கேட்பவருக்கு இது ஒன்றுமில்லை. நீதிமன்றத்தில் சொன்னால் சிரிப்பார்கள். இந்த ஆளின் கழுத்தில்தான் வாரம் இரண்டு முறை பிளேடு வைக்கிறேன், மின்விசிறியின் காரணமாக.

ஜூன் 22, ஞாயிறு

எதிரிக்கு நன்மை செய்வதைப் பற்றி ஆயர் பிரசங்கித்தார். முக்கால் மணி நேரம். சவரம் பற்றி எதுவும் வரவில்லை.

முடிந்ததும் ஆயர் என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார். முப்பத்திரண்டு வயது, வீட்டில் கைக்குழந்தை, அங்கியின் தோளில் பால் கக்கிய கறை.

"அங்கிள், படிவத்துல 'இல்லை'ன்னு போடுறது நீங்க ஒருத்தர்தான். செயலாளர் ரொம்ப வருத்தப்படுறார்."

"மத்தவங்க எல்லாரும் ஜெபிக்கிறாங்களா?"

"எல்லாரும் 'ஆம்'னு போடுறாங்க."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தூணைப் பார்த்தோம்.

"வரலைங்க ஐயா," என்றேன். "எட்டு மாசமா. உட்கார்ந்து பார்க்கறேன். ஒண்ணும் வரலை."

ஏதாவது வசனம் எடுத்து நீட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார். அவருக்கு இதற்குப் பயிற்சி தந்திருக்க மாட்டார்கள். அல்லது தந்த பயிற்சி இந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது.

"அப்ப ஷேவ் மட்டும் பண்ணுங்க அங்கிள்," என்றார்.

முக்கால் மணி நேரப் பிரசங்கத்தை இதிலேயே முடித்திருக்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

ரத்தம் வந்துவிட்டது.

நடந்தது இது. இடது கன்னம் முடித்து, வலது கன்னம் முடித்து, தாடையில் இருந்தேன். மாஸ்டர் இன்று பழைய பாடகர்களைப் பற்றிப் பேச்செடுத்தார். இன்னார் தாளம் தப்புவார், இன்னாருக்கு மூக்கில் குரல், இன்னார் ஒத்திகைக்கு வந்து தூங்குவார். முப்பத்தெட்டு வருடத்துக் குற்றப்பட்டியல், தேதி வரிசையில். பிறகு, என் மனைவிதான் அது என்பதே நினைவில்லாதது போல:

"உங்க வீட்டுக்காரம்மாவும்தான். கீத ஆராதனைக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப திடீர்னு நின்னுட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லல. அந்த வரிசையில ஆள் குறைஞ்சு நான் பட்ட பாடு—"

கை நின்றது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நுரையில் சிவப்பாக ஒரு புள்ளி, பிறகு கோடு.

"நீங்கதான் சொன்னீங்க," என்றேன். "வாயை மட்டும் அசைங்கம்மான்னு. இருபது பேரு முன்னாடி. மூச்சுக்கே திண்டாடிட்டு இருந்தா அவ. உங்களுக்காக மூணு மாடி ஏறி வர்றேன், நீங்க அவளைக் குத்தம் சொல்றீங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அக்கா சமையலறை வாசலுக்கு வந்து நின்றார், கையில் கரண்டியோடு.

மாஸ்டர் இடது கையால் துண்டை எடுத்துத் தாடையில் அழுத்திக்கொண்டார்.

"சொன்னேனா?" என்றார். பிறகு, "சொல்லியிருப்பேன். சுருதி விலகுனா சொல்லுவேன்."

ரேசரை டம்ளரில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். பாதி முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

படி இறங்கும்போது கவனித்தேன்: கோபமாக இருந்தேன். அக்டோபருக்குப் பிறகு வந்த முதல் விருந்தாளி. அச்சகத்துக்கு வந்து சேர்வதற்குள் அதுவும் போய்விட்டது.

ஜூன் 27, வெள்ளி

போகவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

போகவில்லை. காலை ஏழு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் என் முகத்தையே இரண்டு முறை மழித்தேன். கன்னம் எரிகிறது.

இருமல் மருந்துக்கான துண்டுத்தாள். "பலன் தெரியாவிட்டாலும் ஒரு நாளும் விடாமல் உட்கொள்ளவும்." ஒரு பிழையும் இல்லாத வாக்கியம். மூன்று முறை படித்தேன்.

ஜூலை 3, வியாழன்

அக்கா அச்சகத்துக்கு வந்துவிட்டார். இரண்டு பேருந்து மாறி, வழி கேட்டுக் கேட்டு. இயந்திரச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது, தாள்கட்டுகள் அடுக்கியிருக்கும் அறைக்குக் கூட்டிப்போய் ஒரு கட்டின்மேல் உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இவ்வளவு காகிதமும் மாத்திரை டப்பாக்குள்ள போறதுக்கா?"

"ஆமாக்கா."

"நான் பிரிச்சதும் தூக்கிப் போட்டுடுவேன்."

"எல்லாரும் அப்படித்தான்."

டம்ளரைத் தாள்கட்டின்மேல் வைத்தார்.

"ஒன்பது நாள் தாடி தம்பி. அதுவும் பாதி மூஞ்சில ஒரு அளவு, பாதில ஒரு அளவு. சலூன்லருந்து ஆளைக் கூட்டிட்டு வந்தேன். மருந்து குடிக்க மாட்டேங்கற பிள்ளை மாதிரி வாயை இறுக்கி மூடிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. அந்த ஆள் என்னைப் பாக்குறான், நான் அந்த ஆளைப் பாக்குறேன்."

"ஏதாவது சொன்னாரா?"

"'பாதில விட்டுட்டுப் போனவர் வந்து முடிக்கட்டும்'னாரு."

"கோபமா இருக்காரா?"

"அவரு எப்பப்பா கோபமா இல்லாம இருந்தாரு?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வருகிற இடம் அது.

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் உங்களைக் கெஞ்ச வரல தம்பி. நாப்பத்தாறு வருஷமா அவருக்காக நான்தான் வீடு வீடாப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கேன். உங்க வீட்டுக்கும் வந்திருக்கணும். எனக்கு அன்னைக்கு நடந்தது தெரியாது. தெரிஞ்சிருந்தா மறுநாளே வந்திருப்பேன். இப்ப கேக்கப் போறதில்ல. அதை அவரு கேக்கணும், இல்ல கேக்காமயே போகணும். தாடிக்கு மட்டும்தான் வந்தேன்."

பேருந்து நிறுத்தம்வரை கூடப் போனேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி. காலை ஐந்தரை

முழுதாக எழுதவில்லை. பதினேழாம் தேதி எழுதியதில் ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது. அடுத்தவன் தாளில் விடுபட்டதை முப்பத்தொரு வருடமாகக் கண்டுபிடிக்கிறவன்.

அன்றைக்கு ஒத்திகை முடிந்து வந்தவள் நேராக என்னிடம்தான் வந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் அச்சுப்படி பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றபடியே சொன்னாள், மாஸ்டர் இப்படிச் சொல்லிட்டார்னு. குரல் உடைஞ்சுதான் இருந்துச்சு. நான் தலையைத் தூக்கல. பேனா கையில இருந்துச்சு.

"அவர் சொல்றதும் சரிதானே," என்றேன். "விலகுதுன்னா விலகுதுதானே."

நான்தான் சொன்னேன். நான்.

அவ கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் உள்ள போயிட்டா. அவ அழுதாளா? தெரியாது. நான் பக்கத்தைத் திருப்பிட்டேன். அந்தப் பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு இப்ப ஞாபகம் இல்ல, ஏதோ வயித்துவலி மருந்து. மாஸ்டர் இருபது பேர் முன்னாடி சொன்னார். நான் யாரும் இல்லாத இடத்துல சொன்னேன். அவ யாருகிட்ட வந்து சொல்லணும்னு வந்தாளோ, அந்த ஆள்.

ஒரு வருடமாக ஒரு கிழவரை முறைத்துக்கொண்டிருக்கிறேன். வசதியாக இருந்தது.

மணி ஆறு. குளிக்க வேண்டும்.

அதே நாள், மதியம்

போனேன். நாற்காலி, துண்டு, டம்ளர், எல்லாம் அதே இடத்தில். நான் வருவேன் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. பத்து நாளும் வைத்து எடுத்திருக்கிறார் போல.

மாஸ்டர் என்னைப் பார்த்ததும் தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையை உயர்த்தினார்.

"கழுத்துல ஆரம்பிங்க."

கழுத்து கடைசியில்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நுரை போடப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினார். அப்படியே கூரையைப் பார்த்துப் பேசினார்.

"பத்து நாளா யோசிச்சேன். சொன்னேன். ரெண்டாவது சரணம், மூணாவது அடி, அதுல இறங்கிட்டாங்க. அது நிஜம். ஆனா அதுக்கு முன்னாடி இருபத்திரண்டு வருஷம், தம்பி, நான் ஒரு தடவைகூடத் திருத்தாத ஒரே குரல் அது. மத்தவங்களை அதை வச்சுத்தான் திருத்துவேன். அதை அவங்ககிட்ட சொன்னதே இல்ல. இறங்கின அன்னைக்கு மட்டும் சொன்னேன்."

நிறுத்தினார். அவர் வாயிலிருந்து அடுத்து வர வேண்டிய சொல் வரவில்லை. அவர் முயன்றது கழுத்தில் தெரிந்தது. ஏறி இறங்கியது.

நான் நுரை போட்டேன். கழுத்தில் பிளேடை வைத்தேன். அவர் பேச முடியாத நேரம் பார்த்து, மேசையில் நடந்ததைச் சொன்னேன். அச்சுப்படி, பேனா, நான் சொன்ன வார்த்தை, எல்லாம். கழுத்து முடிவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். துடைத்தேன்.

"அப்ப ஒரே அடியைத்தான் ரெண்டு பேரும் பாடியிருக்கோம்," என்றார் மாஸ்டர்.

"ஆமா."

"நீங்க தனியா. நான் குழுவோட."

"ஆமா."

கன்னத்துக்குப் போனேன். பத்து நாள் முடி, பிளேடு அடைத்துக்கொண்டே இருந்தது. அக்கா இரண்டு முறை வெந்நீர் மாற்றினார். எதுவும் கேட்கவில்லை, டம்ளரை வைக்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

முடிந்ததும் மாஸ்டர் சொன்னார், "ஒரு ஜெபம் பண்ணுங்க தம்பி."

"எனக்கு வராது மாஸ்டர். அக்டோபர்லருந்து."

அவர் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலை இறக்கினார். "எனக்கு மார்ச்சுலருந்து. வெளிய சொல்லிடாதீங்க. முப்பத்தெட்டு வருஷம் மத்தவங்களைப் பாட வச்சவன்."

அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை எடுக்க முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். டம்ளரில் தண்ணீர் ஆறிப்போனது.

படிவத்தில் "இல்லை" என்று சுழித்தேன். நடந்ததற்குக் கட்டம் கிடையாது.

ஜூலை 8, செவ்வாய்

சவரம். தாடையில் போன மாதத்துத் தழும்பு, நகக்கீறல் அளவு. அதைச் சுற்றிப் போனேன்.

ஜூலை 15, செவ்வாய்

சவரம். கிருதாவைப் பற்றி எனக்கும் பாடம் எடுக்கப்பட்டது.

ஜூலை 20, ஞாயிறு

மகள் தொலைபேசினாள். அம்மா பாடகர் குழுவை விட்டு ஏன் நின்றாள் என்பதைச் சொன்னேன். நான் சொன்னதையும் சேர்த்து.

"எனக்குத் தெரியும்பா," என்றாள். "அம்மா அன்னைக்கே எங்கிட்ட சொன்னாங்க."

"என்னன்னு?"

"'உங்கப்பா வழக்கம்போலப் பிழை பார்த்துட்டு இருந்தார்'னு."

"கோபமா சொன்னாளா?"

"சிரிச்சாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் சிரிக்கல."

இரண்டையும் எழுதி வைத்துக்கொள்கிறேன். முதலாவதை மட்டும் எழுதினால் நன்றாக இருக்கும்.

பிறகு கேட்டாள், "அவரை மன்னிச்சிட்டீங்களாப்பா?"

"தெரியலைம்மா. வாரம் ரெண்டு தடவை போறேன்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாட்டு நேரத்தில் பாடினேன். ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் சத்தமாகவே பாடினேன், பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெளிநாட்டிலிருந்து மாஸ்டரின் மகள் மின்சார ரேசர் அனுப்பியிருக்கிறாள். கறுப்பு உடம்பு, மூன்று தலை, வெட்டுக்காயத்துக்கு வழியே இல்லை. உடற்பயிற்சி சொல்லித்தர வருகிறவர் மாஸ்டரின் இடது கையில் கொடுத்துப் பழக்கியிருக்கிறார். அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாராம். இன்று நான் போனபோது முகம் ஏற்கனவே மழித்திருந்தது. நன்றாகவே மழித்திருந்தது. நான் பார்த்துப் பார்த்துத் தேடினேன், மேலுதட்டில்கூட எதுவும் இல்லை.

"இனி உங்களுக்குச் சிரமம் இல்ல தம்பி," என்றார் அக்கா. காபி கொடுத்தார். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் குழுக் கூட்டம். "பணி நிறைவுற்றது" என்று செயலாளர் எழுதினார். எனக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம், அதற்கு ஒரு ஜெபம். எல்லோரும் கை தட்டினார்கள். வாரத்தில் இரண்டு காலை எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. வைத்துக்கொள்ள இடமில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஐந்தரைக்கு விழிப்பு. இன்று சவர வேலை இல்லை என்பது நினைவிருந்தது. குளித்தேன். சட்டையை மாட்டினேன். அச்சகத்துக்குப் போகிறவன் அந்தத் தெருவில் திரும்ப வேண்டியதில்லை, திரும்பினேன். சும்மா எட்டிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போகலாம், மூன்று மாடிதானே.

கதவைத் திறந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தார். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலி. மாஸ்டர் அதில் உட்கார்ந்திருந்தார், துண்டைத் தானே கழுத்தில் போட்டிருந்தார். கோணலாக. முகத்தில் நாலு நாள் முடி.

"மெஷின் ரிப்பேர்," என்றார்.

"எப்பருந்து?"

"வெள்ளிக்கிழமைலருந்து. ஓட மாட்டேங்குது. வெளிநாட்டுச் சாமான், இங்க யாருக்கு ரிப்பேர் பண்ணத் தெரியும்?"

அக்கா அவருக்குப் பின்னால் நின்று அலமாரியைக் கண்ணால் காட்டினார். ரேசர் அங்கே செருகியபடி நின்றது, பச்சை விளக்கு எரிய, சார்ஜ் நிறைந்து.

"ரிப்பேர்னா ஒண்ணும் பண்ண முடியாது," என்றேன்.

பையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தேன். அக்காவிடம் வெந்நீர் கேட்டேன்.